'கம்' என்ற ஒரே வினைச்சொல்லை வைத்து ஆங்கிலத்தில் இத்தனை மரபுத்தொடர்களா? எப்படி மனப்பாடம் செய்வது?

கம் ரவுண்ட், கம் டௌன் வித், கம் ஓவர் என்று கேள்வியில் நீங்கள் அடுக்கியிருப்பதைப் பார்த்தால், நர்சிங் முடித்துவிட்டு இங்கிலாந்து வரத் தயாராகிறீர்கள் என்று தோன்றுகிறது. இல்லையென்றாலும் படியுங்கள், நஷ்டமில்லை. மனப்பாடம் செய்யாதீர்கள் என்பதுதான் என் பதில்.

நான் இங்கே முதியோர் வார்டில் நர்ஸ். கிளம்புவதற்கு முன் ஊரில் ஒரு கோச்சிங் சென்டரில் தடிப் புத்தகம் ஒன்றைத் தலையில் கட்டினார்கள். நாயும் பூனையுமாக மழை கொட்டும் தொடரெல்லாம் அதில் உண்டு. இங்கே மழைக்குக் குறைவில்லை. அந்தத் தொடரை ஒருவர் வாயிலும் கேட்டதில்லை.

நோயாளிகள் பேசுவது வேறு. எண்பது தாண்டிய ஒரு பெரியவர் காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்து, 'ஐ கேம் ஓவர் ஆல் ஃபன்னி' என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கூட இருந்த கேரளத்துத் தோழி ஏதோ வேடிக்கை என்று நினைத்து அவளும் சிரித்தாள். எனக்கும் அந்தத் தொடர் தெரியாது. ஆனால் அவர் முகம் வெளுத்திருந்தது. என்ன செய்தது, எழுந்ததும் வந்ததா என்று கேட்டேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது, கால் துவண்டது என்றார். படுக்க வைத்து பிபி பார்த்தேன், நிற்க வைத்து மறுபடி பார்த்தேன். மேல் அளவு முப்பதுக்கு மேல் இறங்கியிருந்தது. 20 இறங்கினாலே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். அவர் வந்து பிபி மாத்திரையைக் குறைத்தார். திடீரென்று மயக்கமாக வந்ததைத்தான் பெரியவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். பெருமைக்கு எழுதுகிறாள் என்பீர்கள். கொஞ்சம் பெருமைதான்.

அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு, உடம்புக்கு என்ன நடக்கிறது என்பதை வைத்தே பிடித்துக்கொண்டேன். மயக்க மருந்து தெளிந்து கண் விழித்தால் கம் ரவுண்ட். உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக வந்தால் கம் அவுட் இன் எ ராஷ். ஃப்ளூ பிடித்தால் கம் டௌன் வித். ஒரு பெண் குரலைத் தாழ்த்தி 'ஐ ஹேவ் கம் ஆன்' என்றால் மாதவிலக்கு வந்துவிட்டது, பேட் எடுத்துக் கொடுக்க வேண்டும். இது அந்தத் தடிப் புத்தகத்தில் இல்லவே இல்லை. நமக்குக் காய்ச்சல் வரும், மயக்கம் வரும். இவர்கள் பேச்சில் வருவது ஆள்தான்.

இதையெல்லாம் நீங்கள் பேச வேண்டியதில்லை, காதில் விழுந்தால் புரிய வேண்டும், அவ்வளவுதான். நோட்ஸில் நான் இன்றும் 'ஃபெல்ட் ஃபெயின்ட்' என்று சாதாரணமாகத்தான் எழுதுகிறேன். தேர்வுக்குப் படிக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகத் திரிக்காதீர்கள். இங்கே நர்ஸாகப் பதிவு செய்ய ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதினால் எழுத்தில் 6.5, வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 7 வேண்டும். அதற்குப் படித்துத்தான் ஆக வேண்டும்.

இவ்வளவும் எழுதித் தேறி வந்தால், ஊரில் ஐசியூவில் பார்த்த வருடங்களை ஒரு பொருட்டாகவே எடுக்காமல், இப்போதுதான் காலேஜ் முடித்த பிள்ளைகளோடு ஒரே சம்பளப் படியில் நிறுத்தினார்கள். அதைப் பற்றி இந்தத் தளத்தில் யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்டால் இதைவிட நீளமாக எழுதுவேன்.

அமெரிக்காவில் இப்படிச் சொல்ல மாட்டார்கள் என்று கருத்துப் பெட்டிக்கு ஓடி வருபவர்களுக்கு: கம் ஓவர் ஃபன்னியும் அந்தக் கம் ஆனும் பிரிட்டன் பேச்சு என்பது எனக்கும் தெரியும். அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்கள் தனியாக ஒரு பதில் எழுதுங்கள், நானும் படிக்கிறேன்.