எச்1 பதிவேடு எழுதிவிட்டால் போதுமா?

கேள்வி: சிறிய மருந்துக் கடை நடத்துகிறேன். எச்1 பட்டியலில் உள்ள கட்டுப்பாட்டு மருந்துகளின் விற்பனையைக் குறிக்கும் எச்1 பதிவேட்டை முறையாக எழுதுகிறேன். அதற்கு மேல் வாடிக்கையாளர்களைப் பற்றி என்ன குறித்துவைக்க வேண்டும்? கணினி இல்லை, நோட்டு போதுமா? “எங்கள் வீட்டுக்காரர் என்ன மாத்திரை வாங்குகிறார்?” என்று சிலர் கேட்கிறார்களே, சொல்லலாமா?

பதில்: எச்1 பதிவேடு மருந்துக்கான கணக்கு. மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, அளவு ஆகியவற்றை விற்கும்போதே எழுதி, 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இரவு கடை சாத்தும் நேரத்தில் பில்களைப் பார்த்து ஒரே மூச்சில் எழுதினால், பக்கத்தைப் புரட்டியதுமே மருந்து ஆய்வாளருக்குத் தெரிந்துவிடும்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர், மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை கேட்டு வருகிறார் என்று வையுங்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து. வார்ஃபரின் எச்1 பட்டியலிலேயே இல்லை. பதிவேடு உங்களை எச்சரிக்காது. அதனால்தான் தொடர்ந்து வருபவர்களுக்குத் தனிக் குறிப்பு வேண்டும் என்கிறேன். நோட்டு தாராளமாகப் போதும். பெயரோடு வயதும் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். தெருவுக்கு நான்கு முருகேசன் இருப்பார்கள், ஒரே எண்ணைக் குடும்பமே பயன்படுத்தும். தொடர் நோய்கள், அன்றாட மாத்திரைகள், ஒவ்வாமை ஆகியவற்றை எழுதுங்கள்.

ஒவ்வாமையில்தான் பலரும் கோட்டைவிடுகிறோம். “அமாக்சிசிலின் ஒத்துக்கொள்ளாது” என்று அந்த ஆன்டிபயாடிக் மருந்தைப் பற்றி ஒருவர் சொன்னால், என்ன ஆயிற்று என்று கேளுங்கள். வயிற்றுப்போக்கு வேறு, உடலெங்கும் தடித்து மூச்சுத் திணறியது வேறு. அவர் சொன்னதை அப்படியே, தேதியுடன் எழுதுங்கள். சந்தேகம் கேட்டு மருத்துவரை அழைத்தால் நேரத்தையும் அவர் சொன்ன பதிலையும் குறியுங்கள். தவறாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டுக் கையொப்பமிடுங்கள். வெள்ளை மை வேண்டாம்.

2015ஆம் ஆண்டின் மருந்தாளுநர் நடைமுறை விதிகளின்படி, நோயாளியின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உங்கள் கடைசிக் கேள்விக்கும் விடை இதிலேயே இருக்கிறது: அனுமதி இல்லாமல் மனைவிக்கும் சொல்லக் கூடாது. அம்மாவின் சீட்டோடு வரும் மகனுக்கு அந்த மருந்தைச் சாப்பிடும் முறையை விளக்கலாம். பழைய பக்கங்களைத் திறந்து காட்டக் கூடாது. காசநோய் மருந்து வாங்குபவர்களைப் பற்றி அரசின் காசநோய்த் திட்டத்துக்குத் தெரிவிப்பது மட்டும் 2018 முதல் சட்டப்படி கடமை.

நோட்டு கல்லாவின் மேல் கிடக்க வேண்டாம், இழுப்பறைக்குள் இருக்கட்டும். கடைப் பையனின் கைபேசியில் குவிந்துகிடக்கும் வாட்ஸ்அப் மருந்துச்சீட்டுப் படங்களையும் இன்றே அழிக்கச் சொல்லுங்கள். தேவையானவற்றை முன்னதாக நோட்டில் ஏற்றிவிடுங்கள்.