மாசியில் ரோஜாவை ஒட்ட வெட்டலாமா?

வெளிநாட்டு வீடியோக்களில் மார்ச்சில் ரோஜாவை ஒட்ட வெட்டுகிறார்களே, சென்னை மொட்டைமாடியிலும் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அங்கே குளிர் முடிந்து செடி துளிர்க்கும் நேரம் அது; நமக்கோ வெயில் ஏறும் நேரம். பெரிய கவாத்தை, அதாவது கிளைகளை ஒட்ட வெட்டுவதை, மழை ஓய்ந்ததும், மார்கழி வாக்கில் முடித்துவிட வேண்டும்.

இப்போது வாடிய பூவை மட்டும் எடுங்கள். அதற்குக் கீழே ஐந்து சிற்றிலை உள்ள இலையைத் தேடி, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டுங்கள்.

வெளிநாட்டிலும்கூட, வருடத்துக்கு ஒரே முறை பூக்கும் பழைய ரகங்களை வசந்தத்தில் ஒட்ட வெட்டமாட்டார்கள். அவை போன வருடக் கிளையில் பூப்பவை. பூத்து முடிந்த பிறகுதான் வெட்டுவார்கள். நம் பன்னீர் ரோஜாவுக்கு அந்தக் கவலை இல்லை, புதுத் துளிரிலேயே பூக்கும்.

அப்புறம், தொட்டி மண்மேல் தேங்காய் நார் பரப்பி, காலையிலேயே தண்ணீர் ஊற்றுங்கள். இலையடியில் சிலந்திப்பேன் (சாறு உறிஞ்சும் மிகச் சிறிய பூச்சி) தெரிந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துப் பாருங்கள்.