பள்ளியில் படித்த ஆங்கில இலக்கணம் மறந்துவிட்டது. அடிப்படையையும் நிறுத்தக்குறிகளையும் மறுபடி எங்கிருந்து தொடங்குவது?

முப்பத்தைந்து வயதில் எனக்கும் இதே கேள்வி வந்தது. தமிழ் வழியில் படித்தவன் நான். ஒருநாள் நான் அனுப்பிய மெயிலை மேலாளர் பிரிண்ட் எடுத்து, ஏழெட்டு கமாக்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டுக் கொண்டுவந்தார். "இங்கெல்லாம் வாக்கியம் முடிஞ்சு போச்சு, நீங்க முடிக்கவே இல்லையே" என்றார். என் பிழைகளில் பாதி தமிழ்ப் பழக்கத்திலிருந்து வருகிறது என்று அன்றுதான் பிடிபட்டது. நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

தமிழில் "பில்லைப் பார்த்து, தொகையைச் சரிபார்த்து, வெண்டருக்கு போன் செய்தேன்" என்கிறோம். முதல் இரண்டும் வினையெச்சம். வினைமுற்று கடைசியில் ஒன்றுதான். அந்தக் கை ஆங்கிலத்துக்குப் போனதும் "ஐ செக்ட் தி பில், தி அமவுன்ட் வாஸ் ராங், ஐ கால்ட் தி வெண்டர்" என்று எழுதிவிடுகிறது. இதில் மூன்று வினைமுற்றுகள், ஆக மூன்று வாக்கியங்கள். எழுதி முடித்ததும் எழுவாயையும் அதன் வினைமுற்றையும் அடிக்கோடிட்டுப் பாருங்கள். இரண்டு ஜோடிகளுக்கு நடுவே வெறும் கமா இருந்தால் அதை ஃபுல் ஸ்டாப்பாகவோ செமிகோலனாகவோ மாற்றுங்கள். இல்லையென்றால் கமாவுக்குப் பின் "அண்ட்", "பட்" போல ஒன்றைச் சேருங்கள். முதல் பகுதி "வென்", "பிகாஸ்" என்று தொடங்கினால் கமாவே போதும். எனக்கு இது கைவர இரண்டு மாதம் ஆனது.

பட்டியலில் வரும் கமாவும் இப்படித்தான். நமக்கு "அரிசியும் பருப்பும் எண்ணெயும்" என்று ஒவ்வொன்றிலும் "உம்" ஒட்டிக்கொள்வதால் குழப்பம் இல்லை. ஆங்கிலத்தில் "அண்ட்" அல்லது "ஆர்" கடைசியில் ஒருமுறைதான் வரும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஓவர்டைம் சட்டத்தில், கூடுதல் ஊதியம் தர வேண்டாத வேலைகளின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் "பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்" என்ற இடத்தில் "ஆர்" முன் அப்போது கமா இருக்கவில்லை. டிஸ்ட்ரிப்யூஷன் தனி வேலையா, பேக்கிங்கோடு சேர்ந்ததா? பால் நிறுவன லாரி ஓட்டுநர்கள் வழக்குப் போட்டார்கள். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. மறு ஆண்டு 50 லட்சம் டாலருக்கு வழக்கு சமரசமானது.

"எ", "தி" பற்றி ஒரு வழி சொல்கிறேன். "புத்தகம் வாங்கினேன்" என்றால் ஏதோ ஒரு புத்தகம், எனவே "எ புக்". "புத்தகத்தை வாங்கினேன்" என்றால் எது என்று கேட்பவருக்கும் தெரியும், எனவே "தி புக்". செயப்படுபொருளுக்கு மட்டும்தான் இது உதவும். ஆனாலும் தொடக்கத்தில் பெரிய பிடிமானம்.

அப்புறம் "இட்ஸ்". "ஹிஸ்" எழுதும்போது அப்பாஸ்ட்ரஃபி போடுவதில்லை அல்லவா? "அதனுடைய" என்ற பொருளில் "இட்ஸ்" எழுதும்போதும் வேண்டாம். "இட் இஸ்", "இட் ஹாஸ்" என்று விரிக்க முடிந்தால் மட்டும் போடுங்கள்.

தடித்த இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து திறக்காதீர்கள். நீங்கள் கடைசியாக அனுப்பிய பத்து மெயில்களை எடுங்கள். முதல் வாரம் கமாவை மட்டும் பாருங்கள், அடுத்த வாரம் "எ", "தி".