முயலின் இரத்தம் சொன்ன கணக்கு

கேள்வி: புதைபடிவம் எதையும் தோண்டாமல், இரத்தத்தைச் சோதித்தே மனித இனம் தனியாகப் பிரிந்த காலத்தைக் கணித்த மானுடவியலாளர் ஒருவர் இருந்தாராமே? அவர் சொன்னதை மற்றவர்கள் நம்பினார்களா?

பதில்: நீங்கள் குறிப்பிடுபவர் வின்சென்ட் சாரிச் (1934–2012). வேதியியல் படித்துவிட்டு மானுடவியலுக்கு வந்த அவர், பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஷெர்வுட் வாஷ்பர்னின் மாணவராக இருந்தபோது, உயிர்வேதியியலாளர் ஆலன் வில்சனுடன் சேர்ந்து இந்த ஆய்வைச் செய்தார்.

மனித இரத்தத்திலுள்ள ஆல்புமின் என்னும் புரதத்தை முயலுக்குச் செலுத்தினால், முயலின் உடல் அதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்கும். அந்த எதிர்ப்பொருளை வேறோர் உயிரினத்தின் ஆல்புமினோடு சேர்க்கும்போது வினை எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்கு அது நம்மிடமிருந்து விலகியது என்று பொருள். ஆனால் இந்த விலகல் எல்லாக் கிளைகளிலும் ஒரே வேகத்தில் சேர்கிறதா? புரதங்களில் மாற்றம் சீரான வேகத்தில் சேர்வதால் அதைக் கொண்டே காலத்தைக் கணக்கிடலாம் என்னும் 'மூலக்கூறு கடிகாரம்' என்ற கருத்தை இருவருக்கும் முன்பே சுக்கர்காண்டல், லைனஸ் பாலிங் என்னும் அறிவியலாளர்கள் முன்வைத்திருந்தனர். அது சீராக ஓடுகிறதா என்று சோதித்ததையே நான் சாரிச், வில்சன் ஆய்வின் சிறப்பாகக் கருதுகிறேன். மனிதனை எடுத்தாலும் சிம்பன்சியை எடுத்தாலும், ஆசிய, ஆப்பிரிக்க வால்குரங்குகளிலிருந்து உள்ள தொலைவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஒரு கிளை மட்டும் மெதுவாக மாறியிருந்தால் அதன் தொலைவு குறைந்திருக்கும். வால்குரங்குகளின் கிளை 3 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்ததாகக் கொண்டு கணக்கிட்டபோது, மனிதனும் சிம்பன்சியும் கொரில்லாவும் பிரிந்து சுமார் 50 லட்சம் ஆண்டுகளே ஆகின்றன என்ற விடை வந்தது. 1967இல் 'சயின்ஸ்' இதழ் அதை வெளியிட்டது.

எளிதில் நம்பவில்லை. சிவாலிக் மலைப்பகுதியில் கிடைத்த, ராமாபிதிகஸ் என்னும் அழிந்துபோன குரங்கினத்தின் தாடைத் துண்டுகளைச் சான்றாகக் கொண்டு, மனித வரிசை ஏறத்தாழ 1.4 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தனித்துவிட்டது என்று அன்றைய அறிஞர் பலர் கருதினர். சாரிச்சோ, 80 லட்சம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட எந்தப் படிவத்தையும், அதன் தோற்றம் எப்படியிருந்தாலும், மனித வரிசையில் சேர்க்க இயலாது என்று எழுதினார். எலும்பையே வாழ்நாள் முழுதும் பார்த்தவர்களுக்கு இது துடுக்காகத்தான் பட்டிருக்கும்.

பாகிஸ்தானின் போட்வார் பீடபூமியில் கிடைத்த, சிவபிதிகஸ் என்னும் மற்றோர் அழிந்த குரங்கினத்தின் முகப்பகுதியை 1982இல் புதைபடிவ ஆய்வாளர் டேவிட் பில்பீம் விவரித்தார். அது ஒராங்குட்டானை ஒத்திருந்ததால், அதற்கு நெருக்கமான ராமாபிதிகஸும் நம் முன்னோர் வரிசையிலிருந்து நீங்கியது. ராமாபிதிகஸுக்காக முன்பு வாதாடியவர்களுள் பில்பீமும் ஒருவர்.

சாரிச்சின் எண்ணும் அப்படியே நிற்கவில்லை. சாட் நாட்டில் 2001இல் கிடைத்த சகேலாந்திரோபஸ் என்னும் புதைபடிவம் சுமார் 70 லட்சம் ஆண்டுப் பழமையானது. அதை மனித வரிசையில் சேர்ப்போர் கருத்துப்படி, பிரிவு அதற்கும் முந்தியது. பிற்காலத்தில் மனித இன வேறுபாடு பற்றி சாரிச் கூறியவை கடும் எதிர்ப்பைச் சந்தித்தன. ஆல்புமின் ஆய்வில் கிடைத்த புகழை அக்கருத்துகளுக்குச் சான்றாகக் கொள்ள வேண்டாம்.