காலையில் டேப்பட் அடிக்கிறதா? லிஃப்டரைக் கழற்றும் முன் ஆயிலைப் பாருங்கள்

கேள்வி: ஊட்டி காந்தலில் இருக்கிறோம். 2003 மாடல் ஓப்பல் கோர்சா 1.6 பெட்ரோல் வண்டி. காலையில் ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் மேல்பக்கத்தில் 'டக் டக் டக்' என்று அடிக்கிறது. கால் மணி நேரத்தில் அடங்கிவிடும். மெக்கானிக் 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றிப் பார்த்தார். சத்தம் முன்பைவிட அதிக நேரம் கேட்கிறது. எட்டு லிஃப்டரையும் மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடலாமா? வண்டி பெரும்பாலும் மார்க்கெட், பள்ளிக்கூடம் என்று பக்கத்தில்தான் ஓடும்.

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது: ஆயில் கெட்டியானதும் சத்தம் கூடியிருக்கிறது.

அம்பாசடர், மாருதி 800, பழைய மஹிந்திரா ஜீப் போன்றவற்றில் டேப்பட் சத்தம் வந்தால் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை வைத்து, ஸ்க்ரூவைத் திருகி, வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கர் என்ற நெம்புகோலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைச் சரிசெய்வார்கள். கோர்சாவில் அந்த ஸ்க்ரூ கிடையாது. ராக்கரின் ஒரு முனை ஹைட்ராலிக் லிஃப்டர் மேல் உட்கார்ந்திருக்கும். லிஃப்டருக்குள் ஒரு பிளஞ்சர் (மேலும் கீழும் நகரும் தண்டு), ஸ்பிரிங், சின்ன குண்டு வால்வு. எஞ்சின் ஆயில் உள்ளே நிரம்பியதும் குண்டு வழியை அடைத்துக்கொள்ளும். ஆயிலை அமுக்க முடியாது என்பதால் லிஃப்டர் அப்படியே விறைப்பாக நின்று இடைவெளியே இல்லாமல் பார்த்துக்கொள்ளும். ராத்திரியில் ஆயில் கொஞ்சம் வடிந்திருந்தால் காலையில் சில விநாடி அடிப்பது சகஜம். கால் மணி நேரம் அடித்தால் உள்ளே ஆயில் போய்ச் சேரத் தாமதமாகிறது, அல்லது பிளஞ்சர் பிசினில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது.

'பழைய எஞ்சினுக்குக் கெட்டி ஆயில்' என்பது கோயம்புத்தூர் வெயிலுக்குப் பொருந்தலாம். டிசம்பர், ஜனவரியில் புல் மேல் உறைபனி படிகிற ஊருக்குப் பொருந்தாது. 20டபிள்யூ என்பதில் இருக்கும் அந்த முன் எண்தான் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்று சொல்வது. எண் குறைந்தால் குளிரில் சீக்கிரம் மேலே ஏறும். வண்டியின் கையேடு எதை அனுமதிக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு 10டபிள்யூ-40க்கு வாருங்கள்.

அதற்கு முன் டிப் ஸ்டிக், அதாவது ஆயில் அளவு பார்க்கும் குச்சி. மலையில் சமதளமாக வண்டி நிற்கும் வீடு எத்தனை? சரிவில் நிறுத்திப் பார்த்தால் அளவு தப்பாகத்தான் காட்டும். பெட்ரோல் பங்க் மாதிரி சமமான இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். ஆயில் குறைந்திருந்தால் கொண்டை ஊசி வளைவில் பம்ப் காற்றை உறிஞ்சும். அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் கீழே சுழலும் கிராங்க் தண்டு அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை நிரம்பிய லிஃப்டர் அடிக்கத்தான் செய்யும்.

அப்புறம் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெண்ணெய் போலக் குழகுழவென்று ஒட்டியிருந்தால் அது ஆயிலில் கலந்த தண்ணீர். பெட்ரோல் எரியும்போது உண்டாகும் ஈரம், ஆயில் நன்றாகச் சூடானால் ஆவியாகிப் போய்விடும். மார்க்கெட் வரை போய் வரும் வண்டியில் அந்தச் சூடே ஏறுவதில்லை. ஈரமும் கரியும் சேர்ந்து பிசினாகிறது. (ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் அது வேறு கதை, எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் உள்ள ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க வேண்டும்.)

எனவே புது ஆயிலும் நல்ல ஃபில்டரும் போட்டு ஒரு நாள் மேட்டுப்பாளையம் இறங்கித் திரும்பி வாருங்கள். இறங்கும்போது இரண்டாவது கியரில் எஞ்சின் பெரிதாகச் சூடாகாது. கல்லாறிலிருந்து ஏறும்போதுதான் ஆயில் முழுச் சூட்டுக்கு வரும். 1,000 கிலோமீட்டரில் மறுபடி ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். ஆயிலில் இருக்கும் டிடர்ஜென்ட் மெதுவாகத்தான் பிசினைக் கரைக்கும். மலிவான ஃபில்டர் வேண்டாம். எஞ்சின் நின்றதும் ஆயில் கீழே வடியாமல் தடுக்க ஃபில்டருக்குள் இருக்கும் ரப்பர் வால்வு சரியாக இல்லாவிட்டால், காலை சத்தத்துக்கு அது ஒன்றே போதும்.

டீசல், மண்ணெண்ணெய் ஊற்றி ஃப்ளஷ் செய்யலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். பல வருட அழுக்கு ஒரேயடியாகக் கழன்று சம்ப்பில் (எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) இருக்கும் ஸ்ட்ரெய்னர் வலையை அடைத்தால் பேரிங்கே போய்விடும்.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட் கசிந்தாலும் இதே போல டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் அடங்கும். மேனிஃபோல்டு ஓரத்தில் கரி படிந்திருந்தால் லிஃப்டர் மேல் பழி போட வேண்டாம். மாறாக, எஞ்சின் சூடான பிறகு ஐட்லிங்கில் அடித்து ஆயில் விளக்கும் மினுக்கினால் உடனே வண்டியை அணைத்துவிடுங்கள். பிரஷர் கேஜ் மாட்டி அளக்காமல் ஓட்டக் கூடாது.

இரண்டு ஆயில் மாற்றிய பிறகும் சத்தம் நின்றபாடில்லை என்றால் திறக்கலாம். ஆனால் இந்த எஞ்சினில் ஒரு சிக்கல். வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு உட்கார்ந்திருக்கும் கேம் ஹவுசிங்கைப் பிடித்திருப்பதும் ஹெட் போல்ட்டுகள்தான். ஹவுசிங்கைக் கழற்றினால் ஹெட் கேஸ்கெட்டும் புதிது போட வேண்டும். வால்வு ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் தனி டூல் இருந்தால் ஹவுசிங்கைத் தொடாமலே ராக்கரையும் லிஃப்டரையும் வெளியே எடுக்கலாம். அந்த டூல் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் முதலில் கேளுங்கள். இல்லாவிட்டால் கோயம்புத்தூரில் ஓப்பல் வேலை தெரிந்த பட்டறையைத் தேடுவது நல்லது.

கழற்றிய எட்டையும் வரிசை எண் எழுதி வைக்க வேண்டும். பிளஞ்சரும் அதன் வெளிக்கூடும் ஜோடியாகத் தேய்த்துச் சேர்த்தவை, ஒன்றின் பிளஞ்சர் இன்னொன்றுக்குச் சேராது. ஒவ்வொன்றாகப் பிரித்து, கழுவி, சுத்தமான ஆயிலில் மூழ்கவைத்து, குமிழி வருவது நிற்கும்வரை அமுக்கி எடுங்கள். அதன் பிறகும் விரலால் அமுக்கினால் பொதபொதவென்று இறங்குவதை மட்டும் மாற்றினால் போதும். கேம் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் புது லிஃப்டர் போட்டும் பயனில்லை, கேமையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

பூட்டியதும் உடனே செல்ஃப் அடிக்காதீர்கள். ஆயில் நிரம்பிய லிஃப்டர் வால்வைத் திறந்தே பிடித்திருக்கலாம். அரை மணி நேரம் விட்டு, கிராங்க்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, எங்கும் முட்டவில்லை என்று தெரிந்த பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முதல் சில நிமிடம் சத்தம் இருக்கும். 2,000 ஆர்பிஎம் வாக்கில் வைத்திருந்தால் உள்ளே மாட்டிய காற்று வெளியேறி அடங்கிவிடும்.