ரீஸ்லிங் ஒயின் என்றாலே இனிப்புதானா?

இல்லை. ரீஸ்லிங் ஜெர்மனியின் வெள்ளைத் திராட்சை. 1435-ஆம் ஆண்டிலேயே அங்குள்ள ரூசல்ஸ்ஹைம் ஊரில் எழுதப்பட்ட ஒரு கணக்கில் அதன் பெயர் வருகிறது. துளிகூட இனிப்பில்லாத ஒயினும் இதில் உண்டு, தேன் போன்றதும் உண்டு. இரண்டையும் தாங்குவது இதன் புளிப்புதான். அது இருப்பதால்தான் இனிப்பு ரீஸ்லிங்கூடத் திகட்டுவதில்லை.

மோசல் ஆற்றங்கரையில் இதைச் செங்குத்தான பலகைக்கல் (ஸ்லேட்) சரிவுகளில் வளர்க்கிறார்கள். பகல் வெயிலை வாங்கிக்கொள்ளும் இந்தக் கல் இரவில் கொடிக்குச் சூடு கொடுக்கும். பிரெம் ஊரின் கால்மோன்ட் சரிவில் சில இடங்கள் 60 பாகைக்கும் மேல் சாய்வு. அங்கே அறுவடை கையால்தான்.

இளம் ஒயினில் பச்சை ஆப்பிள், எலுமிச்சை மணம். பல ஆண்டு வைத்தால் லேசாக மண்ணெண்ணெய் வாடை வரும். கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள்! டி.டி.என். என்ற சேர்மம் தரும் மணம் அது. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

வாங்கும்போது லேபிளில் 'ட்ரோக்கன்' என்றிருந்தால் இனிப்பிருக்காது. அந்தச் சொல் இல்லையென்றால் ஆல்கஹால் அளவைப் பாருங்கள்: 8 சதவீதம் என்றால் பெரும்பாலும் இனிப்பு, 12-க்கு மேல் என்றால் பெரும்பாலும் இனிப்பற்றது.