ஸ்டேட் போலீஸ் கார பிடுங்கிட்டா எட்டாவது திருத்தம் உதவுமா?
தம்பி கார ஸ்டேட் போலீஸ் பறிமுதல் பண்ணிட்டாங்க, அமெரிக்க அரசியல் சட்டத்துல மிதமிஞ்சின அபராதத்தத் தடுக்கற எட்டாவது திருத்தம் ஃபெடரல் (மத்திய) அரசுக்கு மட்டும்தான்னு வக்கீல் ஃப்ரெண்ட் சொன்னார்னு எழுதிருக்கீங்க, அது பழைய கதைங்க. 1833ல பால்டிமோர் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் உரிமைகள் சட்டமே (எட்டாவதும் சேர்ந்த முதல் பத்து திருத்தங்கள்) மாநிலங்களுக்குப் பொருந்தாதுன்னுதான் சொல்லுச்சு, ஆனா 1868ல வந்த, மாநிலங்களக் கட்டுப்படுத்தற 14வது திருத்தத்த வச்சு பின்னாடி அந்த உரிமைகள ஒவ்வொண்ணா, ரொம்ப நிதானமாத்தான், மாநிலங்களுக்கும் கொண்டுவந்தாங்க. உங்களுக்கு வேண்டியது 2019 இண்டியானா கேஸ். ஒருத்தரோட 42,000 டாலர் லேண்ட் ரோவர் கார பிடுங்கிட்டாங்க, அவர் செஞ்ச குத்தத்துக்கு அதிகபட்ச அபராதமே 10,000தான்! மிதமிஞ்சின அபராதத் தடை ஸ்டேட்டுக்கும் உண்டுன்னு ஒன்பது ஜட்ஜும் ஒத்துக்கிட்டாங்க. அதுக்காக கார் தானா வீட்டுக்கு வராது, அந்த கேஸே திரும்ப இண்டியானா கோர்ட்டுக்குப் போய் 2021 வரைக்கும் இழுத்துச்சு. நோட்டீஸ்ல பதில் சொல்ல கடைசி தேதி இருக்கும், மொதல்ல அதப் பாருங்க.